ஓடாமல் நின்றவன்

என் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடல் தாண்டிப் போனவர் திரும்பி வந்தால் கரையில் நின்று வரவேற்க மாட்டார்கள். அரசலாற்று முகத்துவாரத்தில் தோணி நுழைந்து பாயை இறக்கினார்களோ இல்லையோ, வீடே தண்ணீருக்குள் இறங்கி ஓடும். பாய் இறங்கிவிட்டால் தோணி அடங்கிவிட்டது என்று கணக்கு. அதற்கு மேல் அது வெறும் மரம். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்ப்பது வீட்டாரின் பாடு. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வந்தவரைக் கட்டிப் பிடித்து, அழுது, சிரித்து, சட்டையெல்லாம் சேறாக்கித்தான் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் சுங்கக்காரர்களும் அசலூர்க்காரர்களும்தான்.

நான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடி வர வேண்டும். நான் நெரவியிலிருந்து வந்தேன், மாட்டு வண்டியில். வண்டி வாசலில் நின்றதும் உள்ளே இருந்து யாரோ "வாங்க, வாங்க" என்றார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள், எனக்குச் சர்பத் கொடுத்தார்கள். மாட்டுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கடைத்தெருவில் எனக்குக் கயிறு, ஆணி, தார், பாய்த்துணி விற்கிற கடை. ஊர்த் தோணிகளில் பாதி என் கயிற்றில்தான் கட்டுண்டு கிடந்தன. நானோ ஒரு தோணியிலும் ஏறியதில்லை. ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆனால் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வீடு எனக்காகவும் அப்படி ஓடி வர வேண்டும். மாமா, மாமி, மச்சினி, முக்கியமாக என் மனைவி. அவள் எனக்காக வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. கடையிலிருந்து நான் வந்தால், "வந்துட்டீங்களா, கைய கழுவிட்டு வாங்க" என்பாள், அவ்வளவுதான்.

இப்படி நான் என் பாட்டுக்கு இருந்தபோதுதான் மச்சினிக்குக் கல்யாணம் ஆனது.

சகலை மெட்ராஸில் வளர்ந்தவர். ஏதோ கம்பெனியில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கிளப்பில் விமானம் ஓட்டுவார். ஆமாம், விமானம்தான். பெண் பார்த்த அன்றே இது தெருவெல்லாம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் என் பெயர் 'மூத்த மாப்பிள்ளை' என்று ஆகிவிட்டது. அதுவரை நான் வெறும் 'மாப்பிள்ளை'. ஒரு சொல்லைக் கூட்டி என்னைக் குறைத்துவிட்டார்கள் பாருங்கள்.

அவர் மாதத்துக்கு ஒரு தடவை ரயிலில் வருவார். வருகிற அன்று மாமியின் அடுப்பங்கரையில் திருவிழா. இறால் வாடா ஒரு பக்கம், ஆட்டுக்கால் பாயா ஒரு பக்கம். ஆண்கள் எல்லோரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். கொடுவா மீன் தலை அதுவரை என் பக்கம்தான் வைக்கப்படும். இவர் வந்த நாளிலிருந்து மாமி தட்டை வைக்கிறபோதே தலை அவர் பக்கமாகத் திரும்பியிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவேன். வயிறு எரியும், சோறு எங்கே இறங்கும்?

இதில் கொடுமை என்னவென்றால், அவர் அந்தத் தலையை எடுத்து என் பக்கம் வைப்பார். "நீங்க சாப்புடுங்க நானா, எனக்கு முள்ளு எடுக்கத் தெரியாது" என்பார். அண்ணனை எங்கள் பக்கத்தில் நானா என்பார்கள். முகத்தில் ஒரு துளி கர்வம் இருக்காது. மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! கடைக்கு வந்தால் கயிற்றுச் சுருள் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இது எவ்வளவு கனம் தாங்கும் நானா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். என்னிடம் அப்படிக் கேட்டவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த முதல் கோடை அது. ஒரு நாள் சாப்பாட்டின்போது மாமா கையைத் துடைத்துக்கொண்டு சகலையைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வூட்டு ஆளுங்க எல்லாம் தண்ணி மேல வந்தவங்க மாப்புள. நீங்க காத்து மேல வாங்க. ஊரு பாக்கட்டும்."

நானும் அதே தட்டில்தான் கை வைத்திருந்தேன். நான் எதன் மேல் வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா சின்ன வயதிலிருந்தே இலங்கைக்குத் தோணி விட்டவர். அந்த வீட்டில் அவர் ஆசைப்பட்டுவிட்டால் அது நடந்தாக வேண்டும். சகலை கொஞ்சம் யோசித்தார். பிறகு, "கிளப்புல கேட்டுப் பாக்கிறேன் மாமா. எறங்குறதுக்குச் சமமா தரை வேணும்" என்றார்.

தரை இருந்தது. ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு களர்த்திடல். கோடையில் வெடித்துக் காய்ந்து கல் மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு புல் முளைக்காது. அடுத்த தடவை ரயிலில் வந்தபோது சகலை என்னையும் அழைத்துக்கொண்டு போய் அந்தத் திடலைக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வெயிலில் என் மண்டை காய்ந்தது. இரண்டு முனையிலும் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார். என் கடையில் இருந்த பாய்த்துணிதான், வேறென்ன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருந்து தெரிய ஓர் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடச் சொன்னார். "அத நீங்க பாத்துக்குங்க நானா. உங்கள நம்பித்தான் வாரேன்" என்றார். ஊரே பார்க்க அவர் வானத்திலிருந்து இறங்குவார். நான் வைக்கோல் கொளுத்துவேன். சரி, ஆகட்டும் என்றேன்.

அன்றைக்குச் சாப்பாட்டில் வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவரே தெளிவாகச் சொன்னார். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வந்துரப்புடாது. நின்னதுக்கு அப்பறம் வாங்க."

"அது எங்களுக்குத் தெரியாதா மாப்புள?" என்றார் மாமா. "அடங்காத தோணிக்கு எவனாச்சும் குறுக்க போவானா? அடங்குனதும் வர்றோம்."

சகலை சிரித்துத் தலையாட்டினார். அவர் சொன்னது ஒன்று, மாமா எடுத்துக்கொண்டது வேறு. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நான் மீன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. தருமபுரத்திலிருந்தும் நெரவியிலிருந்தும் ஜனம் வந்து குவிந்தது. திருநள்ளாற்றுக் கடைக்காரர்கள்கூடக் கடையை அடைத்துவிட்டு வந்ததாகப் பேச்சு. என் சொந்த ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்து, "உங்க சகலையாமே!" என்று கேட்டார்கள். அன்று நான் யாருக்கோ சகலை, வேறொன்றுமில்லை. திடலின் ஓரத்தில் சவுக்குத் தோப்பு நிழலில் எங்கள் கூண்டு வண்டி திரை போட்டு நின்றது. அதற்குள் மாமி, மச்சினி, என் மனைவி. எங்கள் சின்னப் பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாமா புதுச் சட்டை போட்டுப் பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்திருந்தார். நான் கூட்டத்திலிருந்து தள்ளி, எதிர்ப்பக்க ஓரத்தில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றேன். தெற்கத்திக் காற்று. புகை முழுக்க வடக்கே சாய்ந்தது, போகிற வழியில் என் கண்ணுக்குள்ளும் புகுந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு வடக்கே ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மஞ்சளாகி, இறக்கை முளைத்து, தலைக்கு மேலே வந்துவிட்டது. யா அல்லா! இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம்தான். ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு அசைந்ததை நான் பார்த்தேன். ஜனம் ஓவென்று கத்தியது. எனக்கும் வாய் திறந்துவிட்டது, உடனே மூடிக்கொண்டேன்.

அது கடல் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே போய்த் திரும்பி, ஆற்றுக்கு மேலே தாழ்ந்து வந்தது. திடலின் முனையில் விரித்த வெள்ளைத் துணியை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது அதன் சத்தம் குறைந்தது. அத்தனை நேரம் காதை அடைத்த இரைச்சல் சட்டென்று அடங்கிக் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இறங்குகிறபோது இயந்திரத்தைக் குறைப்பார்கள் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் தோணி.

"பாய் எறங்கிருச்சு!" என்று மாமா கத்தினார். "அடங்கிருச்சு, வாங்க, வாங்க!"

கத்திக்கொண்டே ஓடினார், பன்னீர்ச் செம்போடு, அந்த வயதில். அவர் ஓடியதைப் பார்த்ததும் தோணிக்கார வீட்டு ஜனம் அத்தனையும் ஓடியது. அவர்களுக்குப் பின்னால் ஊர் ஓடியது. வண்டியின் திரை விலகியது. மச்சினி குதித்தாள். மாமி, வெயிலையே பார்க்காத மாமி, குதித்தார். அப்புறம் என் மனைவி குதித்தாள். துப்பட்டி தலையிலிருந்து நழுவிக் காற்றில் பறக்க, செருப்பை உதறிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடினாள். அவளுக்கு அவ்வளவு வேகமாக ஓட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் ஓடவில்லை. வைக்கோலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று சொல்லலாம். ஆனால் அது பொய். வயிற்றெரிச்சல்தான் என் காலைப் பிடித்துக்கொண்டது. ஓடுகிற அத்தனை முதுகுகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். 'போங்கடி, போங்க, தண்ணீர் கூட இல்லை, மண்ணில் ஓடுங்கள்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்து அவ்வளவு பொறாமையை நான் வாழ்நாளில் வேறு எந்தக் கணத்திலும் பட்டதில்லை.

சகலை மேலே இருந்து பார்த்திருப்பார். இறங்க வேண்டிய தரை முழுக்க மனிதர்கள், அதில் அவர் பெண்டாட்டி முன்னால். சத்தம் திடீரென்று மறுபடி எழுந்தது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. கொஞ்சம் ஏறவும் செய்தது. கூட்டத்தின் தலைக்கு மேலே தாண்டியும் விட்டது. பிறகு ஒரு பக்க இறக்கை சாய்ந்தது, யாரோ பிடித்து இழுத்த மாதிரி. மூக்குக் கீழே திரும்பி, திடலுக்கு அந்தப் பக்கம் மண்ணில் குத்தி விழுந்தது.

நெருப்புப் பிடிக்கவில்லை. புழுதிதான் எழுந்தது. எனக்குப் பக்கத்தில் வைக்கோல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவரை வெளியே எடுக்கிறபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் சட்டைப் பையில் மச்சினிக்காக வாங்கிய கண்ணாடி வளையல்கள் இருந்தன, காகிதம் சுற்றி. அவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. மாமா பன்னீர்ச் செம்பைக் கீழே வைக்காமல், "பாய் எறங்குச்சே… பாய் எறங்குச்சே" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

அடக்கம் செய்த பிறகு விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வேகம் குறைந்திருந்த நேரத்தில் மூக்கைத் தூக்கியதால் இறக்கை பிடிமானத்தை இழந்துவிட்டது, நேராக வந்து இறங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றார்கள். நேராக இறங்கியிருந்தால் யார் மேல் இறங்கியிருப்பார் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும்.

மச்சினி வெள்ளை உடுத்தி, வெளியார் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் உள் அறையில் இத்தா இருந்தாள். வீடு முழுக்க ஒரே பேச்சு. "நாமதான் கொன்னுட்டோம்" என்பார் மாமி. "நான்தான் முதல்ல ஓடுனேன்" என்பார் மாமா. "நானும்தானே வாப்பா ஓடுனேன்" என்று என் மனைவி அழுவாள். மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுவார்கள். நான் தூணோரம் உட்கார்ந்திருப்பேன். அந்த அழுகையில் எனக்கு இடமில்லை. நான் ஓடவில்லையே! பாவத்தில்கூட என்னைச் சேர்த்துக்கொள்ளாத வீடு அது.

ஒரு நாள் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓடாம நின்னவரு நீங்க ஒருத்தருதான் மாப்புள."

அது பாராட்டா, குத்தலா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாமிக்கே விளங்கியிருக்குமா என்பதும் சந்தேகம். அக்கம்பக்கத்தில் சிலர் கண்ணூறு என்று முணுமுணுத்தார்கள். பேசுகிறபோது என் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள். அட போங்கய்யா! என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் எதிர்க்கடைக் கயிற்று வியாபாரி எப்போதோ கடையை மூடியிருப்பான்.

என் மனைவியிடம் மட்டும் நான் ஒரு தடவை கேட்டேன். கேட்கக் கூடாத நேரம்தான். வாய் சும்மா இருந்தால்தானே.

"நீ ஏன் ஓடுனே?"

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "தெரியலங்க. காலு தானா ஓடிருச்சு" என்றாள்.

தானாக! நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே. செத்துப்போன மனுஷன் மேல் பொறாமைப்படுகிறவன் எப்படிப்பட்டவன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் போன பிறகு மீன் தலை மறுபடி என் பக்கம் வந்தது. ஒரு வாய்கூட எடுக்க முடியாமல் தட்டிலேயே ஒதுக்கினேன். அதெல்லாம் சரிதான். ஆனாலும் அந்த ஓட்டம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

மச்சினி ஒருவாறு தேறி, வீட்டில் மறுபடி அடுப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு, நான் யாழ்ப்பாணம் போகிறேன் என்றேன். வியாபார விஷயம் என்றேன். கயிறு வாங்க யாழ்ப்பாணம் போக வேண்டிய அவசியம் என்ன என்று மாமா கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வீட்டுத் தோணியிலேயே போனேன். போகும்போதும் வரும்போதும் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தோணி ஓட்டிகள் என்னை ஒரு மூட்டை மாதிரிப் புரட்டிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "முதலாளி, கயிறு விக்கிறவருக்குக் கடலு ஒத்துக்கலியே" என்று கேலி வேறு. ஆனால் முகத்துவாரம் தெரிந்ததும் எழுந்துவிட்டேன். முகம் கழுவினேன், புதுச் சட்டை போட்டேன், அத்தர் தடவிக்கொண்டேன். முன்னால் போய்ப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரையில் எல்லோரும் நின்றார்கள். மாமா, மாமி, மச்சினி, என் பெண்ணைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. கண் கலங்கியது எனக்கு.

ஓட்டிகள் பாயை இறக்கினார்கள்.

ஒருவரும் அசையவில்லை.

தோணி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. ஓட்டிகளின் வீட்டு ஜனங்கள் தண்ணீரைத் தெறிக்க அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், கயிற்றைப் பிடித்தார்கள், தங்கள் தங்கள் ஆட்களைக் கட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டார் மட்டும் சவுக்கு நிழலில், சுங்கக்காரர்கள் மாதிரி, வரிசையாக நின்றார்கள். என் பெண் "வாப்பா!" என்று கத்திக்கொண்டு துள்ளினாள். என் மனைவி இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை திமிற, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

நானே தண்ணீரில் குதித்தேன். இடுப்பளவு நனைந்து, புதுச் சட்டையோடு சேற்றில் கால் புதையப் புதைய நடந்து அவர்களிடம் போனேன். மாமா என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நல்லா நின்னுருச்சாங்க?" என்று கேட்டாள்.

"நின்னுருச்சு" என்றேன்.

அப்போதுதான் பிள்ளையை விட்டாள்.

அவர்கள் நான் உயிரோடு வந்து சேர வேண்டும் என்றுதான் நின்றார்கள். ஓடுவதைவிட அப்படி நிற்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பிள்ளையை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரியும். சகலைக்காக ஓடினார்கள், எனக்காக நின்றார்கள். இரண்டில் எது பெரியது என்று யாராவது கேட்டால் நானே சரியாகப் பதில் சொல்லிவிடுவேன்.

இருந்தாலும், ஒருத்தராவது ஓடி வந்திருக்கலாம்.